விம்பிள்டனை நாம் கண்ட வரலாறு

ஆனி மாதம் பிறந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தாருக்குக் குற்றாலத்துச் சாரல் நினைவு வந்துவிடும். கொச்சியில் வாழ்பவர்களுக்கு மிதுன மாதத்து மழையின் நினைவு வரும். எங்கள் வீட்டாருக்கு மட்டும் இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒரு நினைவும் உண்டு. அது விம்பிள்டன். லண்டன் மாநகரின் தென்மேற்கில் உள்ள புறநகர் ஒன்றின் பெயர் அது. அங்கே புல்தரையில் இரண்டு வார காலம் நடைபெறும் டென்னிஸ் போட்டிக்கும், சிற்றாற்றங்கரையில் வேர்விட்ட ஒரு குடும்பத்துக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கக்கூடும். அந்த உறவு எப்படி உண்டாயிற்று, எவ்வழியாக வளர்ந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு வீட்டின் கதையாகத் தோன்றினும், இது நம் நாட்டில் ஒரு தலைமுறை காதால் கேட்டும், அடுத்த தலைமுறை கண்ணால் பார்த்தும் வளர்த்த ஓர் அன்பின் வரலாறுமாகும்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். உத்தியோகம் என்னைக் கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. குடியிருப்பு வல்லார்பாடத்தில் அமைந்தது. எர்ணாகுளத்துக்கு எதிரே காயலின் நடுவில் உள்ள சிறு தீவு இது. ஒரு பக்கம் மாதா கோயிலின் இரட்டைக் கோபுரங்கள். மறு பக்கம் 2011-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கன்டெய்னர் முனையத்தின் பிரம்மாண்டமான பாரந்தூக்கிகள். முதுமையின் காரணமாகத் தென்காசியிலிருந்து என்னோடு வந்து தங்கியிருக்கும் என் தந்தையாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. விம்பிள்டன் மீது எங்கள் வீட்டில் உண்டான காதலுக்கு அவரே காரணர்.

முதலில் விம்பிள்டனின் பூர்வ கதையைச் சற்றுப் பார்ப்போம். 1877-ஆம் ஆண்டில் அங்கிருந்த சங்கம் ஒன்று முதன்முதலாக இப்போட்டியை நடத்தியது. இருபத்திரண்டு பேர் கலந்துகொண்டனர். ஸ்பென்சர் கோர் என்பவர் வென்றார். இறுதியாட்டத்தை ஏறத்தாழ இருநூறு பேர் ஆளுக்கொரு ஷில்லிங் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த இருநூறு பேருக்கு வெளியே இருந்தவர்களுக்கு மறுநாள் பத்திரிகையே கதி. ஐம்பது ஆண்டுகள் இப்படியே சென்றன. 1927-இல் பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம் வானொலியில் விம்பிள்டன் வர்ணனையைத் தொடங்கியது. பத்தே ஆண்டுகள் கழித்து, 1937 ஜூன் 21-ஆம் நாள், தொலைக்காட்சிக் கருவியும் மைய ஆடுகளத்துக்குள் நுழைந்தது. பன்னி ஆஸ்டின் என்ற ஆங்கில வீரர் ஆடிய ஆட்டத்தின் ஒரு பகுதி அன்று ஒளிபரப்பாயிற்று. லண்டனைச் சுற்றியிருந்த சில வீடுகளில் மட்டுமே அதைக் காண முடிந்தது. எனினும், ஓர் ஆட்டத்தை அரங்கில் இல்லாதவர்களும் அது நடக்கும்போதே காணலாம் என்ற அதிசயம் அன்று மெய்யாயிற்று.

நம் நாட்டில் அப்போது நிலைமை என்ன? ஆங்கிலேயர் தங்கள் சங்கங்களில் ஆடிய ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் மெல்ல மெல்ல மட்டையை ஏந்தத் தொடங்கியிருந்தார்கள். 1939-இல் கௌஸ் முகம்மது விம்பிள்டன் கால் இறுதி வரை சென்றார். அந்த நிலையை எட்டிய முதல் இந்தியர் அவரே. ஆனால் நம் கதையின் நாயகர் அப்போது இரண்டு வயதுக் குழந்தை.

இராமநாதன் கிருஷ்ணன் 1937 ஏப்ரல் 11-ஆம் நாள் நாகர்கோவிலில் பிறந்தார். தந்தை டி. கே. இராமநாதன் தாமே தேர்ந்த ஆட்டக்காரர். மகனுக்கு அவரே ஆசிரியர். நாகர்கோவில் அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். 1956 நவம்பரில்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இதை வைத்து எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்றும் ஒரு வழக்கு நடந்து வருகிறது. அடுத்த வீட்டில் இருப்பவர், படகு ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். “அண்ணாச்சி, அப்படியானால் கிருஷ்ணன் எங்கள் ஆள்தானே?” என்பார் அவர். என் தந்தையார் விடமாட்டார். “திருவிதாங்கூர் வேறு, கொச்சி ராஜ்யம் வேறு. நீங்கள் எந்தக் கணக்கில் உரிமை கேட்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்பார். இருவரும் சிரிப்பார்கள். வழக்கு அடுத்த ஆனி மாதத்துக்கு ஒத்திவைக்கப்படும்.

கிருஷ்ணன் 1953-இல் விம்பிள்டன் இளைஞர் பிரிவின் இறுதியாட்டத்தில் தோற்றார். மறு ஆண்டே, ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்று அந்தப் பட்டத்தைப் பெற்றார். ஆசியக் கண்டத்திலிருந்து அப்பட்டம் வென்ற முதல்வர் அவர். பெரியவர்களின் பிரிவில் 1960-இல் ஏழாம் இடத்துக்கு வரிசைப்படுத்தப்பட்டு, அரை இறுதி வரை முன்னேறினார். அங்கே நீல் ஃபிரேசரிடம் தோற்றார். ஃபிரேசரே அவ்வாண்டின் சாம்பியன். 1961-இல் நிகழ்ந்தது இன்னும் பெரிது. கால் இறுதியில் அவர் எதிர்கொண்டவர் ராய் எமர்சன்; அவ்வாண்டு ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்று வந்தவர். அவரைக் கிருஷ்ணன் 6–1, 6–4, 6–4 என்று நேர் செட்டுகளில் வீழ்த்தினார். அரை இறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். அந்த லேவரும் அவ்வாண்டுச் சாம்பியன் ஆனார். இரண்டு ஆண்டுகளிலும் நம் வீரரை வென்றவர்களை அதன்பின் வெல்ல ஆளில்லாமல் போயிற்று.

இந்த ஆட்டங்களை நம்மில் கண்டவர் யார்? லண்டனில் படித்தவர்களும் பணிபுரிந்தவர்களுமாகச் சிலர் கண்டிருக்கலாம். தமிழ்நாட்டில் ஒருவரும் காணவில்லை. காண வழியில்லை. நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் பிறந்திருந்தது உண்மைதான். ஆயினும் அது வானொலியின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை. தலைநகரத்தைத் தாண்டி அதன் குரல் எட்டவில்லை. லண்டன் ஆட்டத்தை அப்போதே இங்கே காட்டுவதென்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

என் தந்தையாருக்கு 1961-இல் வயது பதினைந்து. தென்காசியில் சாரல் விழும் பருவம். ஊர் வாசகசாலைக்குச் சென்னைப் பத்திரிகை மறுநாள்தான் வந்து சேரும். பள்ளி விட்டதும் நேரே அங்கே ஓடுவாராம். பத்திரிகை பெரியவர்கள் கையில் இருக்கும். பையன்களுக்கு இறுதியில்தான் கிடைக்கும். அதுவரை வாசலில் நிற்பார். ஒவ்வொரு நாளும் கையில் கிடைத்தது நான்கைந்து வரிச் செய்தியும் சில எண்களும் மட்டுமே. 6–1, 6–4, 6–4. இந்த எண்களை மனத்தில் சுமந்துகொண்டு வீடு திரும்புவார். வழியெல்லாம் அவை ஆட்டமாக விரியும். முதல் செட்டில் எமர்சன் ஒரே ஒரு கேம் எடுத்தாரே, அது எதுவாக இருக்கும்? இரண்டாவதில் நான்கு எடுத்தாரே, அப்போது கிருஷ்ணன் முகம் எப்படி இருந்திருக்கும்? ஒரு டென்னிஸ் ஆட்டத்தையும் அதுவரை முழுதாகப் பாராத சிறுவன், எண்களைக் கொண்டே ஆட்டத்தைக் கட்டிப் பார்த்தான். கிருஷ்ணனின் அடியில் வேகத்தைவிட நளினம் மிகுதி. பந்தை ஓங்கி அடிப்பதைவிட, எதிரி இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைப்பதே அவர் கலை. பத்திரிகைகள் இவ்வாறு எழுதியதைப் படித்துவிட்டு, வீட்டுச் சுவரில் ரப்பர் பந்தை மெதுவாகத் தட்டிப் பார்த்தவர் என் தந்தையார்.

1962-இல் கிருஷ்ணன் நான்காம் இடத்துக்கு வரிசைப்படுத்தப்பட்டார். இம்முறை பட்டமே வரும் என்று வாசகசாலை முழுவதும் நம்பியது. ஆனால் கணுக்காலில் அடிபட்டு அவர் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. “அன்று அந்தச் செய்தி இரண்டே வரி. அதை நம்பாமல் நாலு தடவை படித்தேன்” என்று என் தந்தையார் இன்றும் சொல்வதுண்டு. பின்னர் 1966-இல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிராக நடந்த கடைசி ஆட்டம், பழைய ரசிகர் எவரும் மறவாதது. தாமஸ் காக் என்ற வீரரிடம் இரண்டு செட்டுக்கு ஒன்று எனப் பின்தங்கி, நான்காவதிலும் தோல்வியின் விளிம்பு வரை சென்ற கிருஷ்ணன், மீண்டு வந்து வென்றார். அவ்வெற்றியால் இந்தியா முதன்முறையாக அப்போட்டியின் இறுதிச் சுற்றை அடைந்தது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் நாம் 4–1 என்று தோற்றாலும், இரட்டையர் ஆட்டத்தில் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்பையும் ரோச்சையும் வென்று அந்த ஒன்றைப் பெற்றுத் தந்தார்கள்.

நம் நாட்டின் தலைசிறந்த டென்னிஸ் வீரர் தம் உச்ச நிலையில் ஆடிய காலத்தில், அவருடைய சொந்த மக்கள் அவர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காணவில்லை. அவர்கள் காணத் தொடங்கிய காலத்தில் அவர் ஆடிக்கொண்டிருக்கவில்லை. இதை வரலாற்றின் விளையாட்டு என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது?

தொலைக்காட்சி நம்மை நோக்கி மெதுவாகத்தான் நடந்து வந்தது. 1972-இல் பம்பாய்க்கு வந்தது. 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னையை அடைந்தது. மறு ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வானொலியிலிருந்து பிரிந்து தனிக் குடித்தனம் தொடங்கியது. தென்கோடியில் இருந்தவர்களுக்குச் சென்னை நிலையம் அப்போதும் எட்டாக் கனி. இலங்கையில் 1982-இல் ரூபவாகினி தொடங்கியபோது, தூத்துக்குடி முதலிய கரையோர ஊர்களில் வீட்டு மாடிகளில் உயரமான கம்பங்கள் எழுந்தன. சென்னையைக் காண முடியாதவர்கள் கொழும்பைக் கண்டார்கள். அதே 1982 ஆகஸ்டில் இன்சாட் செயற்கைக்கோளின் உதவியால் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் ஒருங்கே வந்தன. அதன்பின் ஊருக்கு ஊர் அஞ்சல் நிலையங்கள் முளைத்தன. கேரளத்தில் 1985-ஆம் ஆண்டின் முதல் நாளில் திருவனந்தபுரம் நிலையம் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியது.

இதற்கிடையில் மற்றொரு தமிழர் விம்பிள்டனில் பெயர் பெற்றுவிட்டார். சென்னையில் பிறந்த விஜய் அமிர்தராஜ் 1973-இல் கால் இறுதியில் யான் கோடேஷிடம் ஐந்து செட்டுகள் போராடித் தோற்றார். அவ்வாண்டுச் சாம்பியன் கோடேஷ். 1981-இல் ஜிம்மி கானர்ஸிடம் முதல் இரண்டு செட்டுகளை வென்ற பின்னும் கால் இறுதியில் தோற்றார். கிருஷ்ணனின் புதல்வர் ரமேஷ் 1979-இல் தந்தை வென்ற அதே இளைஞர் பட்டத்தை வென்று, 1986-இல் பெரியவர் பிரிவின் கால் இறுதியை எட்டினார். இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் தந்தையின் பெயரும் மகனின் பெயரும் ஒரே போட்டியின் பட்டியலில் ஏறின. இவற்றிலும் பெரும்பாலானவை நமக்கு எண்களாகவே வந்தன.

தொலைக்காட்சி ஆட்டத்தைக் காட்டியதோடு நின்றுவிடவில்லை. ஆட்டத்தையே சற்று மாற்றியும் விட்டது. 1967 ஜூலை முதல் நாளன்று பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனத்தின் இரண்டாம் அலைவரிசை, வண்ண ஒளிபரப்பை விம்பிள்டனிலிருந்தே தொடங்கியது. பின்னாளில் வனவிலங்குப் படங்களால் உலகறிந்த டேவிட் அட்டன்பரோ அப்போது அந்த அலைவரிசையின் தலைவர். வண்ணத் திரையில் பச்சைப் புல்லின் மேல் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெளிவாகப் படவில்லை. மஞ்சள் பந்தே நன்றாகத் தெரியும் என்று கண்டு, 1972-இல் உலக டென்னிஸ் சம்மேளனம் அதற்கு அனுமதி தந்தது. பழமை பேணும் விம்பிள்டன் 1986 வரை காத்திருந்து, பிறகே மஞ்சளுக்கு மாறியது. ஆட்டத்தின் நீளமும் அவ்வாறே. 1969-இல் கொன்சாலஸும் பசரெல்லும் 112 கேம்கள், இரண்டு நாள்களில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆடினார்கள். முடிவில்லாமல் நீளும் செட்டுகளுக்கு அணை போட, டைபிரேக் முறை 1971-இல் விம்பிள்டனுக்கு வந்தது. ஆடவர் இறுதியாட்டம் 1982 முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. நமக்கு இது பெரிய உபகாரம். அங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்கு வீட்டில் இல்லாதவர் யார்?

எண்பதுகளின் நடுவிலிருந்து தூர்தர்ஷனில் விம்பிள்டன் இறுதியாட்டங்களைக் காணும் வாய்ப்பு வந்தது. 1985-இல் பதினேழு வயது போரிஸ் பெக்கர், வரிசையில் இடம் பெறாத வீரராக வந்து பட்டம் வென்றதை நம் நாட்டிலும் பலர் கண்டனர். நான் முதன்முதலாக நினைவோடு பார்த்தது 1990-ஆம் ஆண்டின் இறுதியாட்டம். தவணை முறையில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. எட்பர்க் முதல் இரண்டு செட்டுகளை எளிதில் வென்றார். பெக்கர் அடுத்த இரண்டையும் எடுத்தார். ஐந்தாவது செட்டின் நடுவில் மின்சாரம் போயிற்று. தெருவே இருண்டது. என் தந்தையார் எழுந்து போகவில்லை. இருட்டில் அந்தப் பெட்டியின் முன் அமர்ந்தபடியே, “இப்போது எட்பர்க் சர்வீஸ் போடுகிறார். வலைக்கு ஓடி வருவார், பார்” என்றார். வாசகசாலை வாசலில் கற்ற வித்தை அது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மின்சாரம் வந்தபோது எட்பர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவரோ, “ஆறுக்கு நாலாகத்தான் முடிந்திருக்கும்” என்றார். மறுநாள் பத்திரிகையும் அப்படியே சொன்னது.

தொலைக்காட்சிக்கென்றே பிறந்த ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது டென்னிஸ் என்பேன். ஆடுகளத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி. இது முழுவதும் ஒரே காட்சிக்குள் அடங்கிவிடும். கிரிக்கெட்டில் பந்து ஒருபுறமும் ஓடுபவர் ஒருபுறமுமாகப் பிரிந்து போகின்றனர். கால்பந்தில் இருபத்திரண்டு பேர். இங்கே இருவர், நடுவில் ஒரு வலை. கடிகாரம் இல்லை, எனவே கடைசிப் பந்து வரை எவரும் தோற்றவர் அல்லர். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அரங்கம் மௌனமாகிறது. அந்த மௌனத்தில் மனிதர் முகம் நம் அறைக்குள் வந்துவிடுகிறது. அச்சம், சலிப்பு, பிடிவாதம் ஆகிய அனைத்தையும் அதில் படிக்கலாம்.

அவ்வாறு படித்தே நாங்கள் அயல்நாட்டார் பலரை வீட்டு மனிதர்களாக ஏற்றுக்கொண்டோம். 1993-இல் யானா நவோட்னா கடைசி செட்டில் 4–1 என முன்னணியில் இருந்தும் ஸ்டெஃபி கிராஃபிடம் தோற்றார். பரிசளிப்பின்போது கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அவர் அழுததைக் கண்டு, எங்கள் வீட்டில் அன்றிரவு சாப்பாடு தாமதமாயிற்று. 1997-இலும் அவர் இறுதியில் தோற்றார். 1998-இல் வென்றபோது, டென்னிஸில் அவ்வளவாக ஈடுபாடு இல்லாத என் தாயார், “அந்தப் பெண் ஜெயித்துவிட்டதா?” என்று அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். குரோவேஷியாவின் இவானிசெவிச்சும் அப்படியே. மூன்று இறுதியாட்டங்களில் தோற்றவர், 2001-இல் தரவரிசையில் 125-ஆம் இடத்துக்கு இறங்கி, சலுகை அனுமதியின் பேரில் உள்ளே வந்து, மழையால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போன இறுதியாட்டத்தில் பட்டம் வென்றார். காத்திருப்பவர்களை விம்பிள்டன் அடியோடு கைவிடுவதில்லை என்று அன்று தோன்றியது. நம்மவர்க்கும் நல்ல நாள்கள் வந்தன. 1990-இல் லியாண்டர் பயஸ் இளைஞர் பட்டம் பெற்றார். 1999-இல் மகேஷ் பூபதியோடு இரட்டையர் பட்டம் வென்றார். 2015-இல் சானியா மிர்சா, மார்ட்டினா ஹிங்கிஸோடு சேர்ந்து மகளிர் இரட்டையர் பட்டத்தைப் பெற்றார். ஆயினும் ஒற்றையர் பிரிவில் கிருஷ்ணன் எட்டிய அரை இறுதியை இதுவரை வேறோர் இந்தியர் எட்டவில்லை.

தொண்ணூறுகளில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தன. முதல் சுற்று முதலே எல்லா ஆட்டங்களும் வீட்டுக்குள் வந்து குவிந்தன. விஜய் அமிர்தராஜின் குரலையே வர்ணனையில் கேட்கலானோம். 2008-இல் ஃபெடரரும் நடாலும் ஆடிய இறுதியாட்டம், மழைக்கு நின்று நின்று, அங்கே இருள் சூழ்ந்த பின் முடிந்தது. அப்போது இங்கே நேரம் நள்ளிரவுக்குப் பின் ஒன்றே முக்கால். மறுநாள் அலுவலகத்தில் அரைத் தூக்கத்தில் நான் மொழிபெயர்த்த சுற்றறிக்கையில் ‘இடமாற்றம்’ என்பதற்குப் பதில் ‘எதிர் ஆட்டம்’ என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி நல்லவர், சிரித்துவிட்டுத் திருத்தினார்.

எல்லாம் கிடைக்கும் காலத்தில் ஒன்று மட்டும் குறையத் தொடங்கியது. அது காத்திருத்தல். இதை எனக்குத் தெளிவாக்கியவர் அடுத்த வீட்டுப் பெரியவரே. 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை வல்லார்பாடத்திலிருந்து எர்ணாகுளம் செல்ல படகு ஒன்றே வழி. படகுக்காகத் துறையில் நின்ற நேரத்தில்தான் ஊர்ச் செய்தி எல்லாம் பேசப்பட்டது, கல்யாணங்கள் நிச்சயமாயின, சண்டைகள் தீர்ந்தன. இன்று பாலத்தின் மீது பேருந்து சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. “பாலம் வேண்டும் என்று நானும்தான் கேட்டேன். இரவில் நோயாளியைக் கொண்டுபோகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் துறையில் நின்ற அந்த நேரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை” என்றார் அவர். பாலத்தை வேண்டாம் என்பவர் மூடர். தொலைக்காட்சியை வேண்டாம் என்பதும் அப்படியே. ஆனால் துறையில் நின்றவர்களிடம் இருந்த ஒன்றை நாம் இழந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளாக என் தந்தையாரின் பார்வை குறைந்து வருகிறது. கண்ணில் நீரழுத்த நோய். இழந்த பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கலாம் என்பது மருத்துவர் சொல். இப்போது திரையில் பச்சை நிறம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது, பந்து தெரிவதில்லை. இனி விம்பிள்டன் எதற்கு என்று அவர் சொல்லிவிடுவாரோ என நான் அஞ்சினேன்.

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. சின்னரும் அல்கராஸும் ஆடிய இறுதியாட்டம். இப்போது நேரத்தை மாற்றிவிட்டார்கள். நமக்கு இரவு எட்டரை மணி. வெளியே மிதுன மழை. அவர் வழக்கம்போல் முன்வரிசை நாற்காலியில் வந்து அமர்ந்தார். “நீ சொல்” என்றார்.

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆயினும் அன்றைய இரவைப் போல் நான் என்றும் திணறியதில்லை. டென்னிஸில் சூனியத்துக்கு ‘லவ்’ என்பார்கள். அதை அப்படியே பெயர்த்தால் ‘நாற்பதுக்கு அன்பு’ என்றாகும். சமநிலைக்கு ‘டியூஸ்’ என்பார்கள். இரண்டு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இவற்றையெல்லாம் தமிழாக்கிப் பார்த்துத் தோற்று, உள்ளபடியே விட்டுவிட்டேன். கடினம் சொற்களில் இல்லை, வேகத்தில் இருந்தது. நான் ஓர் அடியைச் சொல்லி முடிப்பதற்குள் நான்கு அடிகள் ஆகிவிடும்.

சற்று நேரத்தில் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். “பந்தை நான் பார்த்துக்கொள்கிறேன். முகத்தை மட்டும் நீ சொல்” என்றார். ஓசையைக் கொண்டே அவர் அறிந்துகொண்டிருந்தார். ஓங்கிய அடிக்கு ஓர் ஓசை. சீவி விடும் அடிக்கு ஓர் ஓசை. வலையில் பட்டால் ஒன்று. அவ்வாண்டு முதல் விம்பிள்டனில் கோட்டு நடுவர்கள் இல்லை. பந்து வெளியே விழுந்தால் இயந்திரமே பதிவு செய்த குரலில் அறிவிக்கிறது. “யார் இது? எந்தப் பந்துக்கும் இவருக்குப் பதற்றமே இல்லையே” என்றார். இயந்திரம் என்றேன். “அதுதான்” என்று தலையசைத்தார்.

முதல் செட்டை அல்கராஸ் எடுத்தார். அடுத்த மூன்றையும் 6–4, 6–4, 6–4 என்று சின்னர் வென்று பட்டம் பெற்றார். நான் முகங்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரியின் நல்ல அடிக்கும் அல்கராஸ் சிரித்ததைச் சொன்னேன். கடைசி கேமில் சின்னர் நெற்றியைத் துடைத்துக்கொண்டதைச் சொன்னேன். ஆட்டம் முடிந்ததும் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, “கிருஷ்ணன் ஆடியதையும் நான் இப்படித்தான் பார்த்தேன்” என்றார்.

அவர் சொன்ன சொல்லைக் கவனித்தேன். ‘கேட்டேன்’ என்றோ ‘படித்தேன்’ என்றோ அவர் சொல்லவில்லை. ‘பார்த்தேன்’ என்றார்.

இருநூறு பேர் ஒரு ஷில்லிங் கொடுத்துப் பார்த்த ஆட்டம், வானொலி வழியாகவும், பத்திரிகையின் இரண்டு வரிகள் வழியாகவும், கறுப்பு வெள்ளைப் பெட்டியின் வழியாகவும், செயற்கைக்கோள் வழியாகவும் நம் வீடுகளை வந்தடைந்த வரலாறு இது. கருவிகள் மாறிவந்தன. அவை ஒவ்வொன்றும் நமக்குச் செய்த நன்மை பெரிது. ஆனால் ரசிகனின் அன்பைக் கருவி உண்டாக்கவில்லை. எண்ணைப் பார்த்து முகத்தை நினைத்த சிறுவனிடம் அது முன்பே இருந்தது. மனம் ஊன்றிக் காத்திருப்பவன் எவ்வளவு சிறிய வாயிலின் வழியாகவும் முழு ஆட்டத்தைக் காண்கிறான். அடுத்த ஆனியிலும் வல்லார்பாடத்தில் மழை பெய்யும். மின்சாரம் இருந்தாலும் போனாலும், எங்கள் வீட்டில் விம்பிள்டன் நடக்கும்.